பள்ளிக்கூடத்துக்காக ஊரிடம் கேட்டவர்கள்



மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தரணும்னு நம் தலைவி சொன்னபோது, வங்கிக் கடன், தையல் பயிற்சி, விருது வாங்கியது எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். 2022-லிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம், ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊராட்சியில் நாம் ஏறி இறங்காத வாசல் இல்லை. "பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்று சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துப்போனது. சில வீடுகளில் காபி கொடுத்தார்கள். சில வீடுகளில் நாயை அவிழ்த்து விடாத குறைதான்.

அப்போது நம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன்க்கா, கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்கு நாம ஏன் கையேந்தணும்? இதுக்கு முன்னாடி யாராச்சும் இப்படிக் கேட்டிருக்காங்களா?"

அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பத்தாவது வரை படித்தவள். பிறகு ஊர் நூலகத்தில் இருந்த புத்தகங்களையும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கொடுத்த புத்தகங்களையும் உட்கார்ந்து படித்தேன். என் மாமியாரிடமும், அவர் வயதுள்ள பெரியவர்களிடமும் கேட்டேன். அந்த உறுப்பினருக்கு அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

திண்ணைப் பள்ளிக் காலம்

இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் என்றால் திண்ணைதான். யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ, கோவில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படித்தார்கள். வாத்தியாருக்கு நெல்லும் காய்கறியும் கொஞ்சம் காசும் ஊரார் கொடுத்தார்கள். கட்டடம் என்று தனியாக எதுவும் கிடையாது.

1822-இல் சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, எந்தெந்த ஊரில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826-இல் அந்தக் கணக்கு வந்தது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 பிள்ளைகள். அன்றைய மாகாணம் ரொம்பப் பெரியது, இன்றைய ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகியவற்றின் பகுதிகளும் அதில் சேர்த்தி.

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, அரசாங்கம் இல்லாமலே ஊர் தன் பள்ளியைத் தானே நடத்தியிருக்கிறது" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தது யார்? நம்மைப் போன்ற பெண் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். சேரிப் பிள்ளைகள் திண்ணைப் பக்கமே போக முடியாது. ஊர் பணம் போட்டது. ஆனால் ஊர் என்றால் யார் என்பதை, பணம் போட்டவர்களே முடிவு செய்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நம் கதையிலும் இதுதான் வரப் போகிறது.

விலக்கி வைக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தனியாகப் பள்ளிகள் தொடங்க வேண்டி வந்தது. 1894-இல் ஆல்காட் என்ற அமெரிக்கர் சென்னை அடையாறு பக்கம் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கிறிஸ்தவ மிஷன்காரர்கள் பெண் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தினார்கள். அந்தப் பள்ளிகளும் நன்கொடை கேட்டுத்தான் எழும்பின. வித்தியாசம் என்னவென்றால், யாருக்காகக் கேட்கிறோம் என்பது அங்கே மாறியிருந்தது.

நீ பாதி, நான் பாதி

வெள்ளைக்கார அரசாங்கம் 1854-இல் ஒரு கல்விக் கொள்கை கொண்டுவந்தது. ஊராரோ ஒரு சங்கமோ பள்ளி நடத்தினால் அரசு உதவி மானியம் தரும் என்பது அதில் முக்கியமான ஏற்பாடு. இன்றைக்கு நாம் 'உதவி பெறும் பள்ளி' என்று சொல்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலில் பணம் போட வசதி உள்ள ஊருக்குத்தான் மானியம் வந்தது. இல்லாத ஊர் இல்லாமலே கிடந்தது.

அடுத்தது 1920. அந்த வருஷம் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் எல்லைக்குள் கல்வி வரி போடலாம், அதற்கு ஈடாக அரசாங்கமும் பணம் தரும் என்று ஏற்பாடு. கையை நீட்டி நன்கொடை கேட்பதற்குப் பதிலாக, ஊரே வரி கட்டிப் பள்ளியை நடத்தும் வழி இது. அதே காலத்தில்தான் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது.

சரி, வரி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது யார்? ஓட்டுப் போட்டவர்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள். அந்தக் காலத்தில் ஓட்டு, சொத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான். 1921-இல் பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று சென்னை சட்டசபை தீர்மானம் போட்டது. இந்தியாவிலேயே மாகாண அளவில் முதலில் முடிவெடுத்தது நம் சென்னைதான் என்பது நமக்குப் பெருமை. ஆனாலும் சொத்து இருக்கணும் என்ற விதி போகவில்லை. கூலி வேலைக்குப் போன நம் பாட்டிகளுக்கு ஓட்டு இல்லை. பள்ளிக்கூடம் தேவைப்பட்டவர்கள் ஒரு பக்கம், அதற்குப் பணம் போடலாமா என்று கை தூக்கியவர்கள் வேறொரு பக்கம். எல்லோருக்கும் ஓட்டு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடந்தது.

கடம்பத்தூரில் தொடங்கியது

இனி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கிற காலம். காமராஜர் 1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். பள்ளிக் கல்வித் துறைக்கு நெ.து.சுந்தரவடிவேலு இயக்குநராக வந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் அவர். பள்ளி இல்லாத ஊர் இருக்கக் கூடாது, 500 பேர் வசிக்கும் ஊருக்கெல்லாம் ஒரு தொடக்கப் பள்ளி வேணும் என்று வேலை நடந்தது. ஊருக்கு ஊர் பள்ளி வந்தது. ஆனால் பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு வாத்தியார், அவ்வளவுதான். கரும்பலகை இருக்காது, உட்காரப் பலகை இருக்காது, குடிக்கத் தண்ணீர் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்து கொடுக்க அரசாங்கத்திடம் பணம் இல்லை.

அதனால் ஊரிடம் கேட்பது என்று முடிவு செய்தார்கள். 1958-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பிறகு தமிழ்நாடு முழுக்க இந்த மாநாடுகள் நடந்தன. வெறுமனே "தருமம் பண்ணுங்க" என்று கேட்கவில்லை. முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டார்கள். இந்தப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை, அந்தப் பள்ளிக்கு ஒரு கிணறு, இன்னொன்றுக்கு ஆறு பலகை, ஒரு கடிகாரம், ஒரு தண்ணீர்ப் பானை என்று விவரமாக இருக்கும். பிறகு ஊர் கூடும். யார் எதைத் தருகிறார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார்கள். நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார். மரம் உள்ளவர் மரம் கொடுத்தார். ஒன்றும் இல்லாதவர் உடல் உழைப்பைக் கொடுத்தார்.

மதிய உணவும் இப்படித்தான் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1956-இல் எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியபோது ஊரார் தந்த அரிசியும் பருப்பும்தான் உலையில் விழுந்தன. பிறகு அரசாங்கம் பங்கு போட ஆரம்பித்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு. அதில் 6 காசு அரசாங்கம், 4 காசு ஊர். 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டம் வந்தபோது ஊர்ப் பங்கு என்பது போய், முழுச் செலவும் அரசாங்கத்தின் பொறுப்பானது. நம் சகோதரிகள் எத்தனை பேர் இன்று சத்துணவு மையத்தில் அமைப்பாளராகவும் சமையலராகவும் வேலை பார்க்கிறார்கள்! அந்த வேலைக்கெல்லாம் முதல் அடுப்பு மூட்டியது ஊரார் கொடுத்த பிடி அரிசி.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அன்று ஊர் 4 காசு போட்டதால் அரசாங்கம் 6 காசை நிறுத்திவிடவில்லை. பின்னால் அந்த 4 காசையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஊர் முன்கை எடுத்துக் கொடுத்தால் அரசாங்கத்தின் பங்கு கூடணும், குறையக் கூடாது. குறைந்தால் நாம் ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஒரு தவலையும் ஒரு தகர டப்பாவும்

என் மாமியாருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. நம் ஊர்ப் பள்ளிக்கு ஊர் கூடிக் கொடுத்த அன்று அவருக்கு ஒன்பதோ பத்தோ வயது. "எங்கம்மா ஒரு பித்தளைத் தவலையக் குடுத்தாங்க. பிள்ளைங்க தண்ணி குடிக்க. சீராக் கொண்டாந்த தவலை. எங்கப்பாவுக்குச் சொல்லவே இல்ல, நேரா கொண்டு போயி மேடையில வச்சுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி வீட்டுல ஒரே சண்டை" என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இந்தக் கதையை நான் நம் கூட்டத்தில் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். காலனிக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தவலையை எனக்கும் தெரியும்மா. நாங்க படிக்கிறப்போ அதுலதான் தண்ணி இருக்கும். ஆனா நாங்க தொடக் கூடாது. கையை ஏந்தணும், மேலே இருந்து ஊத்துவாங்க. ஊத்த ஆள் இல்லன்னா தாகத்தோட வீட்டுக்கு வர வேண்டியதுதான். எங்கப்பா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மண்ணு வெட்டிக் கடைக்கால் எடுத்தவரு. அவரு பேரு எந்தக் கல்வெட்டிலயும் இல்ல. எங்களுக்குன்னு ஒரு தகர டப்பாதான் இருந்துச்சு."

அன்று கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நானும்தான். ஒரே தவலை, இரண்டு வீட்டில் இரண்டு கதையாக இருக்கிறது. வரலாறு எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் இரண்டையும் எழுதணும். அதனால் எழுதியிருக்கிறேன்.

கட்டடம் உயிரையும் எடுக்கும்

பள்ளிக் கட்டடம் எப்படி இருந்தால் என்ன, பாடம் நடந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2004 ஜூலை 16-ஆம் தேதியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை, நெருக்கமான வகுப்பறை, இறங்க வழியில்லாத படிக்கட்டு. அன்று எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை! அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்பதை அரசாங்கம் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் பள்ளிக் கட்டடப் பாதுகாப்பு பற்றி நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். இடித்தது சரிதான். நம் ஊர்ப் பள்ளியிலும் ஓட்டுக் கட்டடத்தையும் பழைய கழிப்பறையையும் இடித்தார்கள். பிள்ளைகள் எங்கே உட்காருவது? கோவில் மண்டபத்தில் உட்காரட்டும் என்று சிலர் சொன்னார்கள். காலனித் தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் நம் கூட்டமைப்புக் கட்டடத்தைக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் நம் மாதக் கூட்டமெல்லாம் வேப்ப மரத்தடியில் நடந்தது. நாற்காலிக்குப் பதில் பாய்.

வகுப்பறைகளுக்கு அரசாங்கமே பணம் ஒதுக்கியது. பேராசிரியர் அன்பழகன் பெயரில் 2022-இல் தொடங்கிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில், ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறைகள் கட்டுவதாக அறிவித்தார்கள். நம் ஊருக்கும் இரண்டு வகுப்பறை வந்தது. ஆனால் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் அந்த மதிப்பீட்டில் வரவில்லை. பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. ஏன் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

கிராம சபையில் கேட்டோம்

அந்தக் கழிப்பறைக்கும் சுவருக்கும்தான் நாம் 'நமக்கு நாமே' திட்டத்தை நாடினோம். 1997-98-இல் முதலில் வந்த திட்டம் அது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று வேறு பெயரில் நடந்து, 2021-இல் மறுபடியும் பழைய பெயரில் வந்தது. பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசாங்கம் போடும். ஓவர்சியர் வந்து அளந்து ஆறு லட்சம் என்று மதிப்பீடு போட்டார். நம் பங்கு இரண்டு லட்சம்.

2022 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி கிராம சபையில் இதை வைத்தோம். கிராம சபையில் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்தான். சொத்து உள்ளவர், இல்லாதவர் என்று பேதம் கிடையாது. நம் பாட்டிகளுக்குக் கிடைக்காதது இது. நான் எழுந்து கேட்டபோது என் கால் நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன்.

ஒருவர் எழுந்தார். "என் பிள்ளைங்க மெட்ரிக் பள்ளிக்கு வேன்ல போறாங்க. அந்த ஃபீஸே கட்ட முடியல. நான் ஏன் இதுக்குக் குடுக்கணும்?" இன்னொருவர், "வீட்டு வரி கட்டுறோம், கடையில எது வாங்குனாலும் வரி கட்டுறோம். திரும்பவும் கேட்டா எப்படி?" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். நம்மை அவமானப்படுத்தணும் என்று அவர்கள் கேட்கவில்லை.

முதல் கேள்விக்கு நம் உறுப்பினர் ஒருவர் பதில் சொன்னார்: "தம்பி, கொரோனா வந்தப்போ ஃபீஸ் கட்ட முடியாம எத்தனை பேரு பிள்ளைங்களக் கொண்டாந்து இங்கதான் சேர்த்தீங்க? இந்தப் பள்ளிக்கூடம் அன்னிக்கு இல்லன்னா எங்க போயிருப்பீங்க? நாளைக்கும் அப்படி ஒரு நாள் வரலாம்." இரண்டாவது கேள்விக்கு நான் சொன்னது இதுதான்: "அண்ணே, நாலு லட்சம் நம்ம வரிப் பணம். அது வரணும்னா இந்த ரெண்டு லட்சம் போகணும். அதோட, முழுச் செலவையும் அரசாங்கமே ஏத்துக்கணும்னு கேட்டு ஒரு தீர்மானமும் இப்பவே போடுவோம். ஆனா அது வர்ற வரைக்கும் பொண்ணுங்க காத்திருக்க முடியாது." இரண்டு தீர்மானமும் நிறைவேறின. இரண்டாவது தீர்மானத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஒவ்வொரு கிராம சபையிலும் அதைத் திரும்ப எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒன்றரை லட்சமும் ஒரு வாசலும்

வசூல் தொடங்கிய மூன்றாவது வாரம், ஊரில் வசதியான ஒருவர் நம்மைக் கூப்பிட்டனுப்பினார். ஒன்றரை லட்சத்தைத் தானே தருவதாகச் சொன்னார். நமக்கு வாயெல்லாம் பல். பிறகுதான் நிபந்தனை வந்தது. சுற்றுச்சுவர் எழும்பும்போது பள்ளியின் வாசல் அவருடைய தெருப் பக்கம் வரணும். காலனிப் பக்கம் இப்போதுள்ள வழியை அடைத்துவிடணும்.

அன்று இரவு நடந்த கூட்டத்தை மறக்க முடியாது. "ஒன்றரை லட்சம்க்கா, எத்தனை வாசல் ஏறி இறங்கணும்" என்று ஒரு பக்கம். "எங்க பிள்ளைங்க சுத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்து, அந்த வாசலுக்குப் போகணுமா?" என்று இன்னொரு பக்கம். பணத்தை வாங்கிக்கொண்டு பின்னால் பேசிப் பார்க்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. நானே அதற்குத் தலையாட்டப் பார்த்தேன். அப்போது என் மாமியார், அவர் உறுப்பினரே இல்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர், "தவலையக் குடுத்தோம், தண்ணியக் குடுக்கலையே. இப்ப சுவரு வைக்கிறீங்க, வழியையாவது குடுங்க" என்றார்.

ஒன்றரை லட்சத்தை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தோம். வாசல் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று தீர்மானத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்து, கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து எடுக்கலாமா என்ற பேச்சு. அதையும் வேண்டாம் என்றோம். அது உறுப்பினர்களின் சேமிப்பும் வட்டியும் சேர்ந்த பணம். கடன் கேட்டு வருகிற சகோதரிக்கு உரியது. நல்ல காரியம்தானே என்று ஒருமுறை எடுத்தால், அடுத்த முறை கோவிலுக்கு, அதற்கடுத்த முறை யாரோ ஒருவரின் வரவேற்பு வளைவுக்கு என்று கை நீளும். கொடுப்பவர்கள் தங்கள் சொந்தக் கூலியிலிருந்து விருப்பப்பட்டுக் கொடுக்கட்டும் என்று முடிவானது.

நம் 18 குழுக்களின் உறுப்பினர்கள் கொடுத்தது 64,800 ரூபாய். பலருக்கு அது நூறு நாள் வேலைக் கூலி. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பியது 52,000. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், பழைய மாணவர்கள் தந்தது 48,200. மீதி 35,000 ரூபாய்க்கு ஆறு வாரம் அலைந்தோம். ரேஷன் கடை வாசலில் உண்டியல் வைத்ததில் 15,000 சேர்ந்தது. ஆடித் திருவிழா மிச்சப் பணத்தில் 20,000 ரூபாயை விழாக் கமிட்டியிடம் மூன்று முறை நடந்து கேட்டு வாங்கினோம். மொத்தம் இரண்டு லட்சம். வங்கியில் டி.டி. எடுத்து ஆட்சியர் அலுவலகத்தில் கட்டினோம். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரம் வந்த தொகையைச் சிலேட்டில் எழுதி ரேஷன் கடையில் மாட்டினோமே, அதனால்தான் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. குழுவில் நாம் கற்றுக்கொண்ட கணக்குப் பழக்கம் அங்கே கை கொடுத்தது.

பலகையில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. கொடுத்த எல்லோர் பெயரும் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே, பழைய பள்ளிக்குக் கடைக்கால் எடுத்தவர்கள் என்று காலனிப் பெரியவர்கள் ஞாபகம் வைத்துச் சொன்ன பதினொரு பெயர்களையும் எழுதினோம். அந்த மூத்த உறுப்பினர் தன் பேத்தியை அழைத்து வந்து, அப்பா பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். பேத்தி அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு.

சகோதரிகளுக்கு

தர்மபுரி மாவட்டத்தில் 1989-இல் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, "பொம்பளைங்க கூடி என்ன செய்யப் போறாங்க" என்று கேட்டார்கள். இன்று கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கிராம சபையில் நமக்குக் குரல் இருக்கிறது. அதனால் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கடம்பத்தூரில் கேட்டவர்களும் அரசாங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள்தான். அவர்களே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முன்னால் நின்றார்கள்.

கேட்கும்போது மூன்றை மட்டும் விட வேண்டாம். என்ன தேவை என்று முதலில் பட்டியல் போடுங்கள். நாம் ஒரு பங்கு கொடுத்தால் அரசாங்கத்தின் பங்கு என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் யாரிடமிருந்து வந்தாலும் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கணும்.

சுவருக்கு இன்னும் பூச்சு வேலை பாக்கி இருக்கிறது. கழிப்பறைத் தொட்டிக்கு மோட்டார் வேணும். இப்போது குடத்தில்தான் ஊற்றுகிறோம். அடுத்த கிராம சபைக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருவேன். நீங்களும் வாருங்கள்.